மிசஸ் நோர்லிங் வீட்டுப் புதர்

"நன்றின்னு ஒரு வார்த்தை அந்தம்மா வாயிலேர்ந்து வருதா பாரேன்" என்று ட்ரிஷ் முணுமுணுத்தாள்.

கார்லீனும் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

மிசஸ் நோர்லிங் காரிலிருந்து இறங்கிய இடத்திலேயே நின்றார். கார்க் கதவைக்கூடச் சாத்தவில்லை. கையில் பல் டாக்டர் கொடுத்த மருந்துப் பை. பார்வை மட்டும் தன் வீட்டு வாசலை விட்டு நகரவில்லை.

காலை வரை அது வாசலே இல்லை, காடு. அந்த அயோவா ஊரில் புல் நாலு விரல் வளர்ந்தாலே பக்கத்து வீட்டுக்காரர் தொண்டையைக் கனைப்பார். இங்கேயோ ஆள் உயரத்துக்குப் புதர். இப்போது சுத்தமாக மழித்து, நடுவில் இரண்டு பூந்தொட்டி வைத்தாயிற்று.

எல்லாம் கார்லீன் நடத்தும் சிறுமியர் குழுவின் கைவேலை. பதினோரு பேர். பனிக்காலம் முழுக்க மளிகைக் கடை வாசலில் மேஜை போட்டுக் குக்கீ விற்றவர்கள். அந்தப் பணத்தை என்ன செய்வது என்று அவர்களே கைதூக்கி முடிவு செய்தார்கள். மெக்சிகோவிலிருந்து வருஷா வருஷம் பறந்து வரும் ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி குறைந்துகொண்டே வருகிறதாம், அதைக் காப்பாற்றத்தான் அத்தனையும்.

அது தெரிந்ததும் ஒரே தடவையில் இருபது டப்பா வாங்கியவர் மிசஸ் நோர்லிங்.

"அவங்களுக்கு நாம ஏதாவது செய்யணும்மா" என்று முதலில் சொன்னது கார்லீனின் மகள் ஹேட்டி. வருஷத்துக்கு ஒரு ஊர்ச் சேவை செய்தாக வேண்டும், அதையே செய்வோம் என்றாள்.

"அந்தப் புதரை வெட்டிக் கொடுங்க, தெருவுக்கே புண்ணியம்" என்றாள் எதிர்வீட்டு ட்ரிஷ். "பாவம், வயசாச்சு, குனிய முடியலை போல. செவ்வாய்க்கிழமை பல் டாக்டர்கிட்டப் போறாங்க. அப்போ முடிச்சிடலாம். மெஷின் நான் தரேன்."

கேட்டுவிட்டுச் செய்யலாமே என்று கார்லீனுக்கு ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. கேட்டால் அப்புறம் என்ன ஆச்சரியம் இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

பிள்ளைகள் சளைக்கவில்லை. உடைத்தால் எருக்கு மாதிரி பால் வடிகிற செடிகள். கையெல்லாம் பிசுபிசுப்பு, உள்ளங்கையில் கொப்புளம். ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை.

"பிடிச்சிருக்கா?" ஹேட்டியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

மிசஸ் நோர்லிங் மெல்ல நடந்து வந்தார்.

"வெட்டினதெல்லாம் எங்கே?"

"குப்பை லாரி வந்துச்சு, ஏத்தி விட்டுட்டோம். ஒரு இலைகூட மிச்சம் இல்லை" என்றாள் ஹேட்டி பெருமையாக.

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். உதடு ஏதோ சொல்ல வந்து நின்றது. எதிரே பதினோரு முகம், வெயிலில் சிவந்து, பாராட்டுக்குக் காத்துக்கொண்டு.

"யார் யார் செஞ்சீங்க?"

பதினோரு கையும் உயர்ந்தன.

"ரொம்பப் பாடுபட்டிருக்கீங்க. வெயில்ல நிக்காதீங்க. லெமனேட் கொண்டு வரேன்."

உள்ளே போனவர் வர வெகுநேரம் ஆயிற்று. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார், ஹேட்டியின் கொப்புளத்துக்கு மருந்து தடவினார். சிரிப்பு மட்டும் இல்லை, நன்றியும் இல்லை.

"பல் வலியாக்கும்" என்றாள் கார்லீன், திரும்பி வரும் வழியில்.

"வலி இல்லை, திமிர்" என்றாள் ட்ரிஷ்.

கார்லீனுக்கும் உள்ளே எரிந்தது. இத்தனை சின்னப் பிள்ளைகள் காலை முழுக்க உழைத்திருக்கிறார்கள், ஒரு நல்ல வார்த்தைக்கா பஞ்சம்?

சாயங்காலம், குக்கீ விற்ற பணத்தை எங்கே அனுப்புவது என்று கேட்க வண்ணத்துப்பூச்சிச் சங்கத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர் ஓர் இளைஞர். ஊர் பேரைச் சொன்னதுமே குரலில் ஓர் உற்சாகம்.

"அட, உங்க ஊர்லயே எங்க ஆள் இருக்காங்களே மேடம். பதினஞ்சு வருஷமா வீட்டு வாசல்லயே தோட்டம் போட்டிருக்காங்க. அந்தப் பூச்சி ஒரே ஒரு வகைச் செடியிலதான் முட்டை வைக்கும். பார்த்தா வெறும் களை மாதிரிதான் இருக்கும். ஆனா அந்தச் சுத்துவட்டாரத்துல எங்களுக்கு இருக்கிற பெரிய தோட்டமே அதுதான். மிசஸ் நோர்லிங், தெரியுமா அவங்களை?"

கார்லீன் போனைக் காதிலிருந்து சற்று விலக்கினாள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"பணத்தை அவங்ககிட்டயே கொடுத்துடுங்க. பாவம், இப்போ அவங்களுக்குத்தான் தேவை. மத்தியானம் போன் பண்ணாங்க. தோட்டம் மொத்தமும் போச்சாம். முட்டை, புழு, எதுவுமே மிச்சமில்லையாம். பேச முடியாம அழுதுட்டாங்க."

பக்கத்து அறையில் ஹேட்டி அப்பாவிடம் இன்றைக்கு நடந்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கார்லீன் கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கள் பெயரைச் சொல்லிவிட்டாரா என்று கேட்டுவிடத்தான் வேண்டும்.

"யார்... யார் செஞ்சதுன்னு சொன்னாங்களா?"

"மான் மேய்ஞ்சிடுச்சுன்னாங்க" என்றார் அவர். "அதுதான் எனக்கு விளங்கலை மேடம். அந்தச் செடிப் பாலு அப்படிக் கசக்கும். மான் அதை வாயிலயே வைக்காதுன்னு எங்க எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்ததே அவங்கதான்."