பார்த்த மேகம்

காலையில் ஆலங்கட்டி. பல் தேய்த்து முடிப்பதற்குள் வெயில். டீ ஆறுவதற்குள் மூடுபனி. இப்போது மறுபடியும், கழுவித் துடைத்த தட்டு மாதிரி வானம்.

இதற்குப் பெயர் வசந்தமாம். எங்கள் மலையூரில் இந்த மாதத்து வானத்தை நம்புவதும் என் மாமாவின் பேச்சை நம்புவதும் ஒன்றுதான்.

அந்த மாமாதான் இன்றைக்கு என் கணவரைக் கூட்டிக்கொண்டு ரோப் காரில் மேலே வருகிறார். என்னைத் திரும்ப அனுப்பிவைக்க. அம்மா, அண்ணன், மாமா மூவரும் சமையலறையில் கூடி என் வாழ்க்கைக்கு ஒரு வழி பண்ணிவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க மட்டும் மறந்துபோனார்கள். மூவருக்கும் ஆயிரம் வேலை, பாவம்.

எனக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். யாருக்குத்தான் ஒத்துவந்தது என்று அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அப்பாவுக்கு மேகம் பார்க்கிற உத்தியோகம். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். வீட்டை ஒட்டியே வானிலை நிலையம். கீற்று, திரள், படை, கார்திரள் என்று வானத்தில் போகிற அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெற்ற பிள்ளைகள் என்ன வகுப்பு படித்தோம் என்பது மட்டும் கடைசிவரை அவருக்குத் தெரியாது. என் விஷயத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று மாமா ஒப்புக்குக் கேட்டபோது, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, கீற்று மேகம் போட்டிருக்கு, நாளைக்கு மாறும் என்றார். அதோடு அவர் பங்கு முடிந்தது.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. கண்ணால் பார்க்காத மேகத்தைச் சொன்னதே இல்லையாம். பார்த்ததைச் சொல்லாமல் விட்டதும் இல்லை. என் கல்யாணத்தன்று, இடி மின்னல் கொண்டுவருகிற கார்திரள் மேகம் வந்து நின்றது. அது நின்றால் ரோப் கார் ஓடக் கூடாது, அதை அப்பாதான் அடிவாரத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். அப்பா நிறம், உயரம், அகலம் எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லி வண்டியை நிறுத்தினார். மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப் பேர் அடிவாரத்தில் பட்டினி கிடந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் முதல் வண்டியிலேயே மேலே வந்துவிட்டிருந்தார். என் அதிர்ஷ்டம் அப்படி.

சாலை இன்னும் பனியில் புதைந்துதான் கிடக்கிறது. வருவதென்றால் ரோப் கார் ஒன்றுதான் வழி. விடிந்ததிலிருந்து நான் வானத்தை அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கறுப்பு மேகம் போதும். ஊரே வேண்டாம் என்கிற நேரத்தில் வந்து நிற்கிற சனியன், எனக்கு வேண்டும்போது எங்கே போய்த் தொலைந்ததோ.

என் பெட்டி வாசலில் தயாராக நின்றது. அம்மா அடுக்கியது. இவ்வளவு அழகாக அவள் எதையும் அடுக்கி நான் பார்த்ததில்லை.

சும்மாதானே நிற்கிறாய் என்று, மழைமானியில் சேர்ந்த தண்ணீரை எடுத்து வரச் சொன்னார் அப்பா. வந்த நாளிலிருந்து நான் ஸ்வெட்டரைக் கழற்றவே இல்லை. இந்தக் குளிரில் அதை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அதன் கையை முழங்கைக்கு மேல் தள்ளிவிட்டு, மழைமானிக்குள் கைவிட்டுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன்.

அப்போதுதான் போன் அடித்தது. அடிவாரத்து ஆபரேட்டர். அவர் பேசினால் போனே தேவையில்லை, அவ்வளவு பெரிய தொண்டை. உங்க மாப்பிள்ளை பழக்கூடையோட ஏறி உட்கார்ந்தாச்சு சார், வண்டியை விடலாமா என்றார்.

அப்பா ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“விடாதப்பா. பெருசா ஒண்ணு நிக்குது. கருநீலம். ஓரமெல்லாம் மஞ்சளாயிடுச்சு, அது பழசு. அது மேலயே புதுசா இன்னொண்ணு கட்டியிருக்கு.”

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வானத்தில் ஒரு துணுக்குப் பஞ்சுகூட இல்லை. கொடியில் போர்வைகள் மொடமொடவென்று காய்ந்துகொண்டிருந்தன. மனுஷனுக்குக் கண் போய்விட்டது என்று நினைத்தேன். மேகத்துக்கு எங்கேயாவது மஞ்சள் ஓரம் இருக்குமா?

திரும்பினேன். அப்பா ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ரிசீவர் காதில் இருந்தது. பார்வை என் கையில் இருந்தது.

ஸ்வெட்டர் கையைக் கீழே இழுத்துவிட மறந்திருந்தேன்.

இங்க வெயில் கொளுத்துதே சார், எப்போ கலையும் என்று ஆபரேட்டர் கேட்டது எனக்கே கேட்டது. நான் சொல்கிற வரைக்கும் வண்டி மேலே வரக் கூடாது என்றார் அப்பா.

போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். அம்மா பின்னாலேயே ஓடி, இத்தனை வருஷம் இல்லாமல் இன்றைக்கென்று இல்லாத மேகத்தைச் சொல்வீர்களா என்று கத்தினாள்.

“பார்த்ததைத்தான் சொன்னேன்,” என்றார் அப்பா.