வெளியூர் ஃபாதர்

"கிளாங்ல நம்ம ஃபாதர் இருக்கப்ப, பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ண எதுக்குங்க பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் போறீங்க?" என்றாள் ரெஜினா.

"வாயைத் தொறந்தாலே அவருக்கு என் குரல் தெரிஞ்சிரும்லா. அங்க தவக்காலத்துக்கு வெளியூர் ஃபாதருங்க வந்திருக்காங்களாம்" என்றான் பெனடிக்ட்.

பிரிக்பீல்ட்ஸ் சர்ச்சில் ஃபாதரை மறைத்த திரைக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டான் பெனடிக்ட்.

"எங்க பழைய ஃபாதர் குடிச்சிட்டுப் பூசை வைக்கிறாருன்னு வாட்ஸ்அப்ல பொய்யைக் கிளப்பிவிட்டேன், ஃபாதர். அதுலயே அவர குவாந்தானுக்கு மாத்திட்டாங்க."

"ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்று மறுபக்கத்துக் குரல் கிசுகிசுப்பாகக் கேட்டது.

"எல்லார் முன்னாலயும் திட்டி, என்னைப் பாட்டுக் கொயர்லேர்ந்து தூக்கிட்டாரு. அந்தக் கோவம்."

அந்தக் குரல் பாவமன்னிப்பு ஜெபத்தைச் சொல்லி முடித்தது.

"கடவுள் மன்னிச்சிட்டாரு. நிம்மதியாப் போங்க."

பெனடிக்ட் எழவில்லை. "அந்த ஃபாதர் மன்னிப்பாரா?"

கிசுகிசுப்பு நின்றது. அவனுக்கு நன்றாகத் தெரிந்த குரல் பேசியது.

"மன்னிச்சிட்டேன், பெனடிக்ட். எல்லார் முன்னாலயும் உன்னை அவமானப்படுத்துனது என் தப்புப்பா. நீ என்னை மன்னிப்பியா?"