வாசலில் ஒரு குளம்

கலாதேவிக்கு வந்த கோபத்தில் மோட்டார் சைக்கிளைக்கூட ஒழுங்காக நிறுத்தவில்லை. டீச்சர் வீட்டுப் பூச்சட்டிமேல் சாய்த்துவிட்டு இறங்கினாள்.

பின்னே என்ன? மகள் ஷாமினி மலாய் டியூஷனுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்றைக்கு நோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். புரட்டிப் பார்த்தால் ஒரு வரி இல்லை. வாங்கின அன்றைக்கு இருந்த வெள்ளை அப்படியே இருக்கிறது.

கலாதேவி சுங்கை சிப்புட்டில் ஒரு மினி மார்க்கெட்டில் சாமான்களுக்கு விலை ஒட்டுகிறவள். கோணலாக ஒட்டுகிறாய் என்று கடை முதலாளி தவுக்கேயிடம் நாள் தவறாமல் பேச்சு வாங்குவாள். இந்தப் பிழைப்பு மகளுக்கு வேண்டாம் என்பதுதான் அவள் கவலையெல்லாம்.

தமிழ்ப்பள்ளி முடித்த ஷாமினி, மலாய் தேறுவதற்கென்றே ஒரு வருடம் உட்கார வைக்கும் ரிமூவ் கிளாஸில் இருக்கிறாள். இப்போது பிடிபடாவிட்டால், அடுத்த வருடம் எல்லாப் பாடமும் அந்த பாஷையில்தான். அவ்வளவுதான் கதை.

அதிலும் ஸ்கூல் திறந்த புதிதில் அவள் எழுதின கட்டுரை இருக்கிறதே!

'என் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் கோலம் போடுவார். அதை யாரும் மிதிக்கக் கூடாது' என்று மலாயில் எழுத வந்தவள், கோலத்தைக் கோலம் என்றே போட்டுவிட்டாள். மலாயில் கோலம் என்றால் குளம்.

"உங்கம்மா வாராவாரம் வாசல்ல குளம் வெட்டுவாங்களா?" என்று வாத்தியார் கேட்க, வகுப்பே சிரித்ததாம்.

வீட்டில் வந்து சொன்னபோது கலாதேவிக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. லூமுட்டில் இருக்கும் அக்காவுக்கு வாய்ஸ் அனுப்பினாள். தைப்பூசத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பக்கத்து வீட்டு நவமணி இன்னமும் கேட்பாள், "என்னா கலா, குளத்துல மீனு இருக்கா?"

அதற்கப்புறம் இந்தப் பெண் பேனாவையே தொடுவதில்லை. என்ன கேடு வந்தது என்று கலாதேவிக்கு விளங்கவே இல்லை. தக்ஷாயினி டீச்சர் யாழ்ப்பாணத்து வீட்டுப் பெண், மலாய் தண்ணி மாதிரி வரும் என்று நாலு பேர் சொல்லித்தான் அவரிடம் கொண்டுவந்து விட்டாள்.

கம்பிக் கதவருகே போனதும் உள்ளே ஷாமினி விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். கூடவே டீச்சரும்.

"டீச்சர், படிக்க அனுப்புனா இங்க சினிமாவா ஓடுது?"

சிரிப்பு நின்றது. ஷாமினி மேசைமேல் இருந்த நோட்டைச் சட்டென்று மூடினாள்.

"வாங்கக்கா, உட்காருங்க," என்றார் டீச்சர்.

"உட்கார வரல. மூணு வாரமாச்சு, அவ நோட்டுல ஒரு வரி இல்ல. நீங்க என்னாதான் சொல்லிக் கொடுக்கறீங்க?"

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலக்கா. அவதான் எனக்குத் திருத்திக்கிட்டு இருக்கா."

கலாதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா இருக்கே ஞாயம். நாளையிலிருந்து இவ வரமாட்டா. கிளம்புடி."

ஷாமினி எழுந்திருக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"அம்மா, இது டீச்சரோட பழைய நோட்டு. டீச்சர் ரிமூவ் கிளாஸ்ல இருக்கும்போது எழுதுனது. எல்லாமே தப்பு லா, இங்க பாருங்க."

பழுப்பேறின நோட்டு. ஓரமெல்லாம் மடங்கி, அட்டை முழுக்கக் கோப்பிக் கறை. மேலே 'தக்ஷாயினி, 1996'.

"என் மாமாவுக்குப் பெரிய மீசைன்னு எழுத வந்து, மாமாவை மாமான்னே போட்டிருக்காங்க. மலாய்ல மாமான்னா அம்மா லா. டீச்சரோட அம்மாவுக்கு மீசை!" ஷாமினிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

கலாதேவி பக்கங்களைப் புரட்டினாள். ஒவ்வொரு தப்புக்குக் கீழேயும் மகளின் கையெழுத்து. முதல் பக்கத்தில் ஒரே ஒரு சொல். அடுத்ததில் ஒரு வரி. போகப் போக, பக்கம் பக்கமாக அவளே எழுதியிருந்தாள்.

"இவ்வளவும் நீ எழுதுனதா?"

"ம்ம். டீச்சரே இவ்வளவு தப்பு எழுதியிருக்காங்கல்ல. நான் எழுதுறத ஊரு பூராச் சொல்லிச் சிரிக்க மாட்டாங்க."

கலாதேவிக்குச் சுருக்கென்றது. வாத்தியார் ஒரு நாள்தான் சிரித்தார். மாதக்கணக்கில் சிரித்தது யார்?

"வா ஷாமினி, அம்மாவுக்குத் தேத்தண்ணி கலக்கலாம்," என்று டீச்சர் அவளை அடுப்படிக்கு அழைத்துப் போனார்.

தனியாக இருந்த கலாதேவி நோட்டை மூடி, கவிழ்த்து வைத்தாள். பின்னட்டையின் மூலையில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். இந்த வருடம் பள்ளித் திறப்பு மலிவு விற்பனைக்கு அவளே மினி மார்க்கெட்டில் ஒட்டியது. தவுக்கே திட்டுகிற அதே கோணல்.

அடுப்படியில் ஷாமினி மலாயில் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். கலாதேவி அவசர அவசரமாக அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினாள்.

கோப்பையோடு வந்த ஷாமினி நின்றாள். "டீச்சர் நோட்டை என்னாம்மா பண்றீங்க?"

"ஒண்ணுமில்லடி," என்றாள் கலாதேவி, சுரண்டின ஸ்டிக்கரை உள்ளங்கையில் மூடிக்கொண்டு. "ரொம்பப் பழைய நோட்டு. பார்த்துத் திருத்து."