ஆர்த்திகாவின் நீச்சல் வகுப்பு

"அங்கால வேணாம் அக்கா. குழி இரிக்கி."

ஐந்து நாளாக இதே பாட்டுத்தான். ஆர்த்திகாவுக்கு எரிச்சலாக வந்தது.

டொரன்டோவில் பத்து வருடம் நீச்சல் பழகியவள் அவள். பழக்குவதற்கும் சான்றிதழ் வைத்திருக்கிறாள். இந்தக் கோடை விடுமுறையில் ஊர் சுற்றப் போகாமல், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ஏதாவது செய்வோமென்று நண்பர்களோடு மட்டக்களப்புக்கு வந்து, வவுணதீவில் வாவிக் கரையோரமாக முகாம் போட்டிருக்கிறாள்.

நண்பர்களுக்குப் பிரச்சினையே இல்லை. படம் கீறப் போன பிள்ளைகள் கீறினார்கள், பாடப் போன பிள்ளைகள் பாடினார்கள். நீச்சலுக்கு வந்த அக்காவும் தங்கையும்தான் மகா மக்கு. பெரியவள் தனுஷாவுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவள் அபிநிஷாவுக்கு எட்டு. இருவரையும் பற்றி முகாம் கடதாசியில் இருந்தது இரண்டே சொல்: நாவற்குடா இல்லம்.

தண்ணீரில் இறங்கியதும் ஆர்த்திகாவின் கையை ஆளுக்கொன்றாகப் பிடிப்பார்கள். பிறகு என்ன சொன்னாலும் விடமாட்டார்கள்.

"இப்பிடிப் பயந்த பிள்ளையளை நான் கண்டதே இல்ல," என்றாள் கரையில் நின்ற இர்ஷானாவிடம்.

இர்ஷானா காத்தான்குடிப் பிள்ளை, பல்கலைக்கழக மாணவி. முகாமில் மிதவையும் கயிறும் அவள் பொறுப்பு.

"விடுங்க ஆர்த்திகா. தண்ணிக்குள்ள சந்தோசமா நிண்டாப் போதும்தானே."

"போதாது. நான் போன பிறகு இதுகள் தண்ணியில விழுந்தா ஆர் தூக்குறது?"

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனசுதான், குறை சொல்லக் கூடாது.

ஆறாம் நாள் ஒரு முடிவோடு இறங்கினாள்.

"குழியும் இல்ல, ஒண்டும் இல்ல. மூண்டு பேரும் அங்க போய்ப் பார்ப்பம். அதோட பயம் தெளிஞ்சிரும்."

"வேணாம் அக்கா! மண் அள்ளின குழி!"

இரண்டு பேரும் பின்னால் இழுத்தார்கள். அவள் முன்னால் இழுத்தாள். தண்ணீர் எங்கும் ஒரே மட்டமாகத்தானே கிடக்கிறது? டொரன்டோ நீச்சல் குளத்தில் இத்தனை அடி ஆழம் என்று சுவரிலேயே எழுதியிருப்பார்கள். வாவியில் யார் எழுதி வைப்பது?

நாலு எட்டு வைத்தாள். ஐந்தாவதுக்குக் கீழே தரை இல்லை.

மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறியது. காலில் பாசி சுற்றிக்கொண்டது. தனியாக விழுந்திருந்தால் எப்படியாவது நீந்தியிருப்பாள். ஆனால் இரண்டு கையிலும் இரண்டு உயிர். விட்டால் போச்சு. ஐயோ, நீந்தத் தெரியாத பிள்ளைகளை நானே கொண்டுவந்து கொல்லப் போகிறேனே என்று நெஞ்சு பதறியது. உயிரே போனாலும் விடுவதில்லை என்று இறுக்கிப் பிடித்தாள்.

"கைய விடுங்க அக்கா!" தனுஷாவின் குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. "விடுங்க, நாங்க இழுக்கிறம்!"

ஒரு கை உதறிக்கொண்டு போனது. மறு கையும் போனது. யாரோ முங்கிக் காலில் இருந்த பாசியைப் பிய்த்தார்கள். யாரோ சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தார்கள்.

இர்ஷானா மிதவையை எறிவதற்குள் மூவரும் கரையில் கிடந்தார்கள்.

ஆர்த்திகா இருமியபடியே இரண்டு தலைகளையும் தடவிப் பார்த்தாள். இரண்டும் இருந்தன, இரண்டும் மூச்சு விட்டன. இருவரையும் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். உலகத்திலேயே தன்னைப்போல அதிர்ஷ்டக்காரி இல்லை என்று தோன்றியது.

அழுகை அடங்கிய பிறகுதான் உறைத்தது.

"உங்களுக்கு... நீந்தத் தெரியுமா?"

"எங்கட அப்பா இஞ்சதானே மீன் புடிச்சவர்," என்றாள் தனுஷா. "அந்தா தெரியுதே, அந்தக் கரையிலதான் எங்கட வீடு இருந்தது. நடக்க முந்தியே நீந்திட்டம்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லல்ல?"

தனுஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எவ்வளவு தூரத்துல இருந்து பழக்க எண்டே வந்திரிக்கிறீங்க. தெரியும் எண்டு சொன்னா உங்கட முகம் வாடிப் போயிரும்தானே அக்கா."

இர்ஷானா சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பினாள். ஆர்த்திகாவுக்கும் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது.

"அதுக்காகப் பயந்தமாதிரி நடிச்சு, இத்தனை நாளா என்ர கையப் புடிச்சுத் தொங்கினீங்களாக்கும்?"

"தொங்கல்ல அக்கா," என்றாள் சின்னவள் அபிநிஷா. "நீங்க குழிக்குள்ள போயிரக் கூடாது எண்டுதான் புடிச்சி வெச்சிருந்தம்."