மணி கோத்த சக்கரம்

மீன்கூடையிலிருந்து சொட்டிய உப்புத் தண்ணீர், மோட்டார் சைக்கிளின் இரண்டு சக்கரங்களையும் தின்று தீர்த்திருந்தது. இன்னாசி பழைய இரும்புக் கடையைக் கிளறி, அளவு ஒத்துப்போகிற ஒரு ஜோடியைப் பிடித்து வந்தான். யாரோ அதன் கம்பிகள் முழுக்க வண்ண வண்ண மணிகளைக் கோத்திருந்தார்கள்.

"கழட்டிரவா?" என்றார் மெக்கானிக்.

"கெடக்கட்டும்ணே, நல்லாத்தான இருக்கு."

மறுநாள் விடிந்ததும் கிணற்றுத் தெருவுக்குள் நுழைந்தான். மூன்று மாதமாகத் தொண்டை கட்டக் கூவியும் ஒரு கதவுகூடத் திறக்காத தெரு அது. அன்று அவன் வாயைத் திறக்கும் முன்பே மணிகள் கலகலவென்று உருள, கதவுகள் வரிசையாகத் திறந்தன. ஆளுக்கொரு செம்போடு பெண்கள் ஓடிவந்தார்கள்.

"பால்காரர் எங்க?"

"பால் இல்லக்கா. சாளை மீன் இருக்கு."

ஒருத்தி சிரிக்க, தெருவே சிரித்தது. சிரித்தவள் செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சட்டி எடுக்க உள்ளே ஓடினாள்.

கூடை காலியாகும்போது, சத்தமே வராத புது வண்டியில் பால் கேனோடு ஒருவர் வந்து நின்றார். அவர் கண் சக்கரத்தைவிட்டு நகரவில்லை.

"ஒரு வாரமா ஹாரன் அடிச்சுக் கையே வலிக்கு. ஒருத்தரும் எட்டிப் பாக்கல. அது என் பழைய வண்டிச் சக்கரம்யா."

இன்னாசி வண்டியைத் திருப்பினான். "அதுக்கென்ன, தெனமும் என் பின்னாலயே வாங்கண்ணே."

மறுநாள் மணிச்சத்தம் தெருமுனையைத் தொட்டதுமே கதவுகள் திறந்தன. வாசலுக்கு வாசல், ஒரு கையில் செம்பு, மறு கையில் சட்டி.