படிக்கு ஒரு டொக்

கிளட்ச் மிதித்தே தேய்ந்த இடது முட்டி அது. பஸ் ஓட்டிவிட்டு வீடு திரும்பும் கணவர் மாடி ஏறினால் படிக்கு ஒரு டொக் கேட்கும். அதைக் கேட்டுத்தான் மனைவி கதவைத் திறப்பாள். ஆபரேஷனில் புது மூட்டு வைத்த பிறகு அவர் சத்தமே இல்லாமல் ஏறி வருகிறார். ஆனால் டொக் நிற்கவில்லை. தினமும் அவருக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்துவிடுகிறது. அவரிடம் அவள் சொன்னதில்லை.

அன்று அவருக்கு விடுமுறை. இருவரும் சோபாவில் இருந்தார்கள். டொக், டொக். இரண்டாம் மாடியில் வழக்கம்போல மூச்சு வாங்க நின்றது. பிறகு வாசல்வரை வந்தது.

“திறக்காத,” என்றார் அவர், மெதுவாக.

“மூணு மாடி ஏறி வந்திருக்குங்க. எவ்வளவு வலிச்சிருக்கும்.”

நான்கு மாதமாகத் தொடாத தைலப் பாட்டிலை எடுத்துக்கொண்டு, அவள் கதவைத் திறக்கப் போனாள்.