இனி மெசேஜ் வராது

“அண்ணா, ‘சர்வர்ல பிரச்சினை, உடனே பாருங்க’னு உங்க ஆபீஸ் மெசேஜ் இவருக்கு ஒரே நேரத்துல எட்டு வருது,” என்றாள் நண்பனின் மனைவி, போனில்.

சாஃப்ட்வேர் பொறியாளனுக்குச் சங்கடமாகிவிட்டது. “மன்னிச்சுக்கம்மா. அப்டேட் போடுறப்பல்லாம் ஒரு கமாண்ட் தானா ஓடும். ஓடுற ஒவ்வொரு தடவையும் பழைய பட்டியல்லருந்து அவன் நம்பரை மறுபடி மறுபடி சேர்த்திருக்கு. இப்பதான் சரி பண்ணேன். இனிமே எத்தனை தடவை ஓடினாலும் பட்டியல் ஒரே மாதிரிதான் இருக்கும்.”

“அப்ப ஒண்ணு மட்டும் வருமா?”

“ஒண்ணுகூட வராது. அவன்தான் இப்ப இங்க வேலையில இல்லையே, நம்பரையே எடுத்தாச்சு. நிம்மதியா இரு.”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“ஒண்ணு மட்டும் வர்ற மாதிரி பண்ணுங்கண்ணா. வேலையை விட்டு அனுப்பினதிலிருந்து இவர் சுவரைப் பார்த்துக்கிட்டு படுத்தே கிடக்கிறார். அந்த மெசேஜ் வந்தாதான் எழுந்து குளிக்கிறார், சட்டை போட்டுக்கிறார், ‘என்னைத் தேடுறாங்க’னு லேப்டாப் முன்னால உட்கார்றார்.”

அவன் பட்டியலை மறுபடி திறந்து பார்த்தான். “அவன் நம்பரை நான் கையால சேர்த்தாலும் அடுத்த தடவை ஓடும்போது அந்த கமாண்டே எடுத்துடும்மா. அப்படித்தான் எழுதியிருக்கேன்.”

அவளுக்குப் பின்னாலிருந்து நண்பனின் குரல் கேட்டது. “யாரு, ஆபீஸா? இதோ, குளிச்சிட்டு வந்துடறேன்னு சொல்லு!”